பிளாவும் போத்தலும்: நுகர்வோனின் கடன் குறித்து ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தான் நுகரும் பண்டத்துக்கு விலை கொடுக்கின்றான். விலை கொடுத்த அளவில், அப்பண்டத்தை ஆக்கியவனுக்கு அவன் பட்ட கடன் தீர்ந்துவிடுகின்றதா? அன்றி, விலையால் தீராத கடனொன்று எஞ்சி நிற்கின்றதா? சந்தையின் கணக்கை மட்டும் அறிந்தோர் கடன் தீர்ந்துவிட்டதென எளிதில் விடை கூறுவர். அறவியல் நோக்கிற் சிந்திப்போர்க்கு அவ்விடை அத்துணை எளிதன்று. இவ்வினாவை அருவமாக நின்று ஆராய்வதிலும், நாம் நன்கறிந்த ஒரு பண்டத்தின் வழி நின்று ஆராய்வது தெளிவு தரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனங்கள்ளை இக்கட்டுரை அதற்கென எடுத்துக்கொள்கின்றது. தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டிற் கள்ளைப் பற்றி எழுதுவதா என முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அம்முகச்சுளிப்பும் இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருளுள் அடங்கும் என்பதை முதற்கண் கூறிவைத்தல் பொருத்தமானது.

ஒரு பிரதேசத்து மக்கள் தமதெனக் கொண்டாடும் மதுவகை உலகின் பல பாகங்களிலும் உண்டு. ஒப்புநோக்கின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து ஒன்றைக் காண்போம். பென்சில்வேனியா மாநிலத்தில் லற்றோப் என்னும் சிறு நகரம் உண்டு. அங்கே 1893இல் ஒரு பியர் வடிக்கும் ஆலை தோன்றியது. 1920 தொடக்கம் 1933 வரை அந்நாட்டில் நிலவிய மதுவிலக்கு, பிற ஆலைகள் பலவற்றைப் போல் இதனையும் முடக்கிற்று. பின்னர் மறுவாழ்வு பெற்ற அவ்வாலையிலிருந்து 1939இல் றோலிங் றொக் என்னும் பெயருடைய பியர் வெளிவந்தது. பச்சைநிறப் போத்தலும், அதன்மேற் காரணம் விளங்காதவாறு பொறிக்கப்பட்ட 33 என்னும் எண்ணும் அதன் அடையாளங்கள். லற்றோப்பின் ஆலையிலிருந்தே அது வருகின்றது என்னும் உறுதிமொழியும் போத்தலிற் பொறிக்கப்பட்டிருந்தது. ஊரார் அதனைத் தம் ஊரின் பெருமையாகக் கொண்டனர். ஆயின் 2006இல் அப்பெயரை அன்ஹைசர் புஷ் என்னும் பெருங்கொம்பனி விலைக்கு வாங்கிற்று. வாங்கப்பட்டது பெயரேயன்றி ஆலையன்று. அவ்வாண்டிலேயே அந்தப் பியர் நியூ ஜேர்சி மாநிலத்து நியூவார்க் நகரிற் காய்ச்சப்படலாயிற்று. பெயரும் பச்சைப் போத்தலும் 33 என்னும் எண்ணும் அப்படியே இருந்தன. ஊரும் அவ்வூரின் தொழிலாளருமே இல்லாமற்போயினர்.

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகின்றது. இத்துணைக் காலமும் அம்மதுவை விரும்பிய மக்கள் விரும்பியது எதனை? சுவையையா, ஊரையா, வடித்தவர்களையா, அன்றிப் பெயரையா? பெயர் ஊரைவிட்டு அகன்ற பின்னும் அப்பெயருக்காகவே அதனை வாங்குவோர் இருந்தனராயின், அன்பு பெயரளவில் நின்றுவிட்டதென்றே கொள்ளவேண்டியுள்ளது.

பெயர் இத்துணை வலிமை பெற்றமைக்குக் காரணமுண்டு. பியரைக் கெடாது காத்தற்கு அதனை மிதமாகச் சூடாக்கும் முறை, லூயி பாஸ்ச்சரின் ஆய்வுகளின் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவியது. பியர் பற்றிய அவரது நூல் 1876இல் வெளிவந்தது. குளிரூட்டும் பொறியும் புகையிரதமும் உடன் துணை நின்றன. கெடாத மது நெடுந்தூரம் செல்லும். நெடுந்தூரம் செல்லும் மதுவை அருந்துவோன் அதனை வடித்தவனைக் காண்பதில்லை. காணாத முகத்துக்குப் பதிலாக அவனுக்கு ஒரு பெயர் தேவைப்படுகின்றது. எனவே வணிகப் பெயர் என்பது முகத்தின் இடத்தை நிரப்ப வந்த ஒன்று எனலாம்.

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம். பனங்கள்ளுக்கு நெடுங்காலமாக எந்த வணிகப் பெயரும் இருந்ததில்லை. அஃது இருக்க இயலாமைக்குக் காரணம் கள்ளின் இயல்பே. பாளையிலிருந்து வடியும் இனிய சாறு, முட்டியில் விழுந்த சில மணி நேரத்துக்குள் இயற்கையிலுள்ள மதுவங்களால் நொதிக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் நொதிப்புத் தடைப்பட்டு அது கருப்பநீராக நிற்கும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு இல்லையேல் அது கள்ளாகும். அதிலுள்ள அற்ககோலின் அளவு ஏறக்குறைய 5 வீதம். பியரின் அளவுக்கு ஒப்பானது. ஆயின் பியரைப் போல அது காத்திருப்பதில்லை. காலையில் இறக்கிய கள் மாலையிற் கடுக்கும். மேலும் சில நாளிற் காடியாகும். இறக்கிய அன்றே, இறக்கிய ஊரிலேயே அருந்தப்படவேண்டிய பண்டமாதலின் அதற்குப் பெயர்ச் சீட்டுத் தேவைப்படவில்லை. இன்னார் சீவிய இன்ன வளவுப் பனையின் கள் என்பதே அதன் அடையாளம். பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் அதனை ஏந்தி அருந்துவோன், அதனை இறக்கியவரின் முகத்தையும் பெயரையும் குடும்பத்தையும் ஏறும் மரத்தையும் அறிந்திருந்தான்.

அவர்தம் உழைப்பும் மறைவானதன்று. 60 அடிக்கு மேல் உயர்ந்த பனையிற் தளைநாரின் துணைகொண்டு ஏறுகின்றார். பாளையை இறுகக் கட்டி, இடுக்கி, நாளும் அதன் நுனியை மென்மையாகச் சீவுகின்றார். சீவல் தடித்தாற் பாளை வீணாகும். மெலிந்தாற் சாறு வடியாது. காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கவேண்டும். மழையில் நனைந்த மரம் வழுக்கும். ஒருமுறை கால் தவறினால் உயிரிழப்பு, அன்றேல் வாழ்நாள் முழுவதும் படுக்கை. இவையனைத்தும் ஊரார் கண்முன் நிகழ்ந்தவை. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பனைமுடியில் நிற்பவரைக் காணாத கண் குடாநாட்டில் எது?

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற் பாகத்திற் பண்டத்தின் மாயத்தன்மை பற்றி விளக்குகின்றார். சந்தையிற் பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவாகத் தோன்றுவது, உண்மையில் மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவே என்பதும், அவ்வுறவு பண்டத்தின் பின்னே மறைந்துவிடுகின்றது என்பதும் அவர் கருத்து. றோலிங் றொக்கின் வரலாற்றுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்தும். இதனின்றும் பலர் ஒரு முடிவுக்கு வருவதுண்டு. மறைப்பை நீக்கி, உழைத்தவரின் முகத்தை நுகர்வோனுக்குக் காட்டிவிட்டால் உறவு மானுடத் தன்மை பெற்றுவிடும் என்பதே அது. இம்முடிவு எவ்வளவுக்குப் பொருந்துமென்பதைச் சோதிக்கப் பனங்கள்ளினும் தக்கதோர் எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. ஏனெனில் இங்கு மறைப்பே இருந்ததில்லை. உழைப்பு கண்முன் நின்றது, முகம் தெரிந்திருந்தது, பெயர் தெரிந்திருந்தது. ஆயினும் உறவு மானுடத் தன்மை பெறவில்லை.

பெற்றதா இல்லையா என்பதை அறிய நீரை நோக்குதல் போதும். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை, கிணறே உயிர். சீவல் தொழிலாளர் இறக்கிய கள்ளைத் தயக்கமின்றி அருந்திய உயர்சாதியார், அவர் கையால் தண்ணீர் வாங்கிப் பருகவில்லை. அவரைத் தம் கிணற்றில் நீர் அள்ளவும் விடவில்லை. கை ஒன்றே. அக்கை தந்த கள் தூயது. அக்கை தொட்ட நீர் தீட்டு. இதனைத் தர்க்கத்தால் விளக்க முற்படுவோர் விளக்க இயலாது நிற்பர். தீட்டு என்பது கையில் இருந்ததில்லை, நுகர்வோனின் வசதியில் இருந்தது என்று கொண்டாலன்றி இம்முரண் அவிழாது. தமக்கு வேண்டிய இடத்திற் தீட்டு விலகிக்கொண்டது. வேண்டாத இடத்திற் காவல் நின்றது.

பெயர் பற்றியும் இவ்வாறே கூறவேண்டியுள்ளது. சீவல் தொழிலாளரின் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தது என்றோம். எவ்வாறு தெரிந்திருந்தது? எழுபது வயது முதியவரைப் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் விளிக்கும் அளவுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் உயிரற்ற ஒரு போத்தலின் பெயர் மரியாதையோடு உச்சரிக்கப்பட்ட காலத்தில், இங்கு உயிருள்ள மனிதரின் பெயர் மரியாதையின்றி உச்சரிக்கப்பட்டது. ஆகவே அறிதல் வேறு, மதித்தல் வேறு என்னும் உண்மை புலனாகின்றது. அறியாமையால் விளையும் அநீதிக்கு அறிவூட்டல் மருந்தாகலாம். அறிந்தே இழைக்கப்படும் அநீதிக்கு அது மருந்தாவதில்லை.

தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு பாத்திரத்தில் தேநீர் வழங்கப்பட்ட வரலாறும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்தும் கடை வாயில்கள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து சங்கானை நிச்சாமத்தில் எழுந்த போராட்டமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அவ்வாயில்களைத் தட்டின. 1972இல் வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் நாவல் இவ்வுலகினை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது. தேநீர்க் கடையில் தமக்கும் அதே கோப்பை வேண்டுமெனக் கேட்டோருள், தாம் இறக்கிய கள்ளைப் பிறர் பிளாவில் அருந்தக் கண்டவரும் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கள் மயக்கம் தருவது; குடியைக் கெடுப்பது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தீய பண்டத்தை ஆக்குவோருக்கு நுகர்வோன் மதிப்பு எனும் கடன் படுவது எங்ஙனம்? இத்தடையைப் புறக்கணித்தல் முறையன்று. குடியால் அழிந்த குடும்பங்களை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். நாட்கூலியைத் தவறணையில் விட்டுவந்தவரின் மனைவி மக்கள் பட்ட துயரம் கற்பனையன்று. கள்ளைப் போற்றிப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று.

ஆயினும் அத்தடையின் உள்ளே ஒரு பிழை உண்டு. வள்ளுவரின் அதிகாரத் தலைப்பு உண்ணாமை பற்றியது; இறக்காமை பற்றியதன்று. கள் தீதாயின் அத்தீமையின் பொறுப்பு முதலில் உண்போனைச் சாரும். நமது சமுதாயமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று. உண்டவர் ஊர்ப் பெரியவராகவே இருந்தார்; கோயில் முன்றலில் முதல் மரியாதையும் பெற்றார். இறக்கியவர்மேல் மட்டும் இழிவு சுமத்தப்பட்டது. தன் குற்றத்தைத் தனக்கு ஏவல் செய்பவன் தலையில் ஏற்றிவிட்டுத் தான் தூயவனாக நிற்கும் இவ்வொழுக்கத்தை ஒழுக்கம் என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? கட்டுரைத் தொடக்கத்திற் குறிப்பிட்ட முகச்சுளிப்பின் வேர் இதுவே. அது கள்ளின் மீதுள்ள வெறுப்பாகத் தோன்றி, கள் இறக்குவோர் மீதுள்ள வெறுப்பாக வாழ்ந்துவந்தது.

மதுவிலக்கு இயக்கத்தின் வரலாறும் இவ்விடத்தில் நமக்குப் பாடம் புகட்டும். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், சாதி வேற்றுமையை எதிர்த்தது. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்தினார். இரண்டையும் ஒருவரே ஒருங்கு கூறியதிற் பொருள் உண்டு. ஒன்றை ஏற்று மற்றதை விடுவோர்க்கு முதலாவது எளிதாயிற்று. தவறணையை மூடுமாறு கேட்பதால் உயர்சாதியார் எதனையும் இழப்பதில்லை; ஏறுவோரின் பிழைப்பே இழக்கப்படும். கிணற்றைத் திறக்குமாறு கேட்டாலோ அவர்தம் மேன்மை இழக்கப்படும். பிறர் செலவில் ஈட்டும் அறத்தை மனிதர் விரைந்து ஏற்பர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அதே பாடத்தைக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் காணலாம். அங்கே 1987ஆம் ஆண்டு தொடக்கம் கள் இறக்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயின் ஆலையில் வடித்த மதுவகைகள் விற்கப்படுகின்றன. 2003 தொடக்கம் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்துகின்றது. குடி நின்றுவிடவில்லை, பனையேறியின் தொழிலே நின்றது. தீது எனத் தடுக்கப்பட்டது எது என்று கேட்கின், மயக்கம் என விடை கூறல் இயலாது. இச்செய்தியை நோக்குமிடத்து, மது ஒழுக்கம் பற்றிய எச்சட்டத்தையும் அளக்கும் அளவுகோல் ஒன்று கிடைக்கின்றது. அதன் சுமை யார் தோளில் இறங்குகின்றது என்பதே அவ்வளவுகோல்.

குடாநாட்டிற் காலம் வேறுவிதமாகவும் நகர்ந்தது. 1970களிற் சீவல் தொழிலாளர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுசேர்ந்தனர். தாம் இறக்கிய கள்ளைத் தம் சங்கத்தின் வாயிலாகத் தாமே விற்கும் நிலை ஏற்பட்டது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை கள்ளைச் சாராயமாக்கிற்று. கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைத்துத் தூர இடங்களுக்கு அனுப்பும் முயற்சியும் உண்டாயிற்று. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரிற் பெருந்தொகையான பனைகள் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமென வெட்டப்பட்டன. போரைத் தாண்டி நின்ற மரங்களில் ஏறுவதற்கு இளந்தலைமுறையினர் பலர் முன்வருவதில்லை. அவர்களைக் குறை கூறும் உரிமை நமக்கில்லை. தந்தைக்கு மதிப்புத் தராத தொழிலை மகன் ஏற்கவில்லையே என வருந்துவோர், மதிப்பு மறுத்தவர்களின் வரிசையில் தமக்கும் இடமுண்டா என முதலில் ஆராயவேண்டும்.

இப்பொழுது கள்ளுக்கும் போத்தல் வந்துவிட்டது. போத்தலோடு பெயர்ச் சீட்டும் வந்துவிட்டது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவருக்குப் பனங்கள் என்பது இழந்த ஊரின் நினைவுப் பொருள். பனைமரம் படமாகப் பொறிக்கப்பட்ட சீட்டைக் கண்டு அவர் நெஞ்சு உருகுவது இயல்பே. அவ்வுருக்கத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயின் றோலிங் றொக்கின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. ஊரின் மேல் வைக்கும் அன்பு சீட்டின் மேல் நின்றுவிடக்கூடும். அவ்வாறு நின்றுவிட்டால், சீட்டில் மரம் மட்டும் இருக்கும். மரத்தில் ஏறியவர் இருக்கமாட்டார். முன்பு முகம் தெரிந்தும் மதியாதிருந்த நாம், இனி முகமே தெரியாததால் மதிக்கவேண்டிய தேவையும் இல்லையென ஆறுதல் கொள்ளக்கூடும். பழைய அநீதி தீர்க்கப்படாமலே மறக்கப்படுவதற்குப் போத்தல் வசதியான கருவியாகிவிடும்.

எனின் நுகர்வோன் செய்யத்தக்கது யாது? சீட்டில் தொழிலாளரின் பெயரை அச்சிட்டால் கடன் தீருமா? தீராது. பெயர் ஒருகாலும் மறைந்திருந்ததில்லை என்பதை மேலே கண்டோம். காட்டப்படும் பெயருக்கும் மதிக்கப்படும் மனிதருக்கும் இடையே உள்ள தூரத்தை அச்சு யந்திரம் கடக்காது. 1920களின் இறுதியிற் குடாநாட்டின் பள்ளிக்கூடங்களிற் சமாசனம், சமபோசனம் என்னும் இரு சொற்கள் போராட்டச் சொற்களாக விளங்கின. ஒரே வாங்கில் அமர்தல், ஒரே பந்தியில் உண்ணுதல் என்பன அவற்றின் பொருள். நுகர்வோனின் கடன் எத்தகையது என்பதை இவ்விரு சொற்களினும் சுருங்கக் கூறுதல் அரிது. சங்கப் புலவர் ஔவையார் அதியமானின் மறைவுக்கு இரங்கிப் பாடியவிடத்து, அவனோடு கள்ளைப் பகிர்ந்த நாள்களை நினைவுகூர்ந்தார். அரசனும் புலவரும் உடனிருந்து உண்டமையே அங்கு பெருமையாயிற்று. கள் அதற்கொரு வாயில் மட்டுமே.

விலையால் தீராத கடன் உண்டு என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. அதனை மூவகையாகக் கூறலாம். விழுந்தால் தாங்குதற்கு ஏற்பாடின்றி ஒருவரை நமக்காக 60 அடி உயரத்தில் ஏறவிடாமை ஒன்று; தொழிலின் ஆபத்தைத் தொழிலாளரின் குடும்பம் மட்டும் சுமத்தல் நீதியன்று. அத்தொழில் பற்றிய சட்டமும் விலையும் வகுக்கப்படும் மேசையில் அவருக்கும் ஆசனம் இருத்தல் மற்றொன்று. நம் வீட்டு வாயிலுக்கு அவர் வரும்போது, பிறருக்குத் தரும் அதே கோப்பையில் நீர் தந்து, பிறரை விளிக்கும் அதே பன்மையில் விளித்தல் மூன்றாவது. முதலிரண்டும் அரசாலும் சங்கத்தாலும் ஆகக்கூடியவை. மூன்றாவதை எந்தச் சட்டமும் நமக்காகச் செய்துதர இயலாது.

கள்ளை உண்பதா விடுவதா என்பது அவரவர் அறிவுக்கும் உடலுக்கும் உரிய முடிவு. உண்ணாதவருக்கும் இக்கடன் உண்டு. பனங்கட்டி கடித்துத் தேநீர் அருந்தியவரும், பனாட்டும் ஒடியலும் உண்டு வளர்ந்தவரும், பனையோலையால் வேய்ந்த கூரையின் கீழ்ப் பிறந்தவரும் அம்மரத்தில் ஏறியிறங்கிய மனிதருக்குக் கடன்பட்டவரே. வில்லியம் பேர்குசன் என்பார் 1850இல் இலங்கைப் பனை பற்றி ஒரு நூல் எழுதி அதன் பயன்களைத் தொகுத்துக் காட்டினார். மரத்தின் பயன்களை எண்ணுவதில் நாம் ஒருகாலும் சோர்ந்ததில்லை. மரத்தில் ஏறியவரை எண்ணும் முறையே நம்மிடம் பிழையாக இருந்தது. பனைகள் அருகி, ஏறுவோரும் அருகிவரும் இக்காலத்தில் அப்பிழையைத் திருத்துதற்கு எஞ்சியுள்ள காலமும் அருகியே வருகின்றது. ஏணியும் தளைநாரும் காட்சிச்சாலைப் பொருள்களாகிய பின் செலுத்தும் மரியாதை, உரியவரைச் சென்று சேராது.